பாடத்தில் உண்டு, பதவியில் இல்லை: சிறுநீரியல் செவிலியரின் உழைப்பும் உரிமையும்

இந்திய நர்சிங் கவுன்சிலின் எம்.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில், மருத்துவ-அறுவைச் செவிலியம் என்னும் துறையின் கீழ்ப் பல சிறப்புப் பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன. இதயநோய், நரம்பியல், புற்றுநோய், தீவிர சிகிச்சை ஆகியவற்றோடு, சிறுநீரகமும் சிறுநீர்ப் பாதையும் சார்ந்த செவிலியமும் அவற்றுள் ஒன்று. நான்காண்டுப் பட்டப்படிப்பு, பணி அனுபவம், அதன்பின் ஈராண்டு முதுநிலைப் படிப்பு எனக் கடந்து வருபவரே இத்தகுதியைப் பெறுகிறார். அவர் மருத்துவமனைக்குத் திரும்பும்போது என்ன நடக்கிறது? யூராலஜி எனப்படும் சிறுநீரியல் பிரிவில் அவருக்கென்று ஒரு பதவி இருப்பதில்லை. அப்படிப்பைப் படிக்காதவருக்குரிய அதே பணி, அதே ஊதியம், அதே சுழற்சிமுறைப் பட்டியல்தான் காத்திருக்கின்றன. ஆகவே பலர் நர்சிங் கல்லூரிகளுக்கு ஆசிரியராகச் செல்கின்றனர். வாய்ப்புள்ளோர் விமானம் ஏறுகின்றனர். நோயாளிக்காகக் கற்ற கல்வி நோயாளியின் படுக்கையை வந்தடைவதில்லை.

கட்சி ஆவணங்களையும் தொழிற்சங்கத் தீர்மானங்களையும் தமிழாக்குவது இக்கட்டுரையாளரின் அன்றாடப் பணி. 'ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ்' என்னும் தொடர் எதிர்ப்பட்டால் 'சிறப்புச் செவிலியர்' என்று எழுதிவிடலாம். சொல்லாக்கத்தில் தடையேதும் இல்லை. ஆனால் அச்சொல் சுட்டும் பதவியை நம் அரசு மருத்துவமனைகளின் பதவிப் பட்டியலில் தேடினால் கிடைப்பதில்லை. பதவிதான் இல்லையே தவிர, அதற்குரிய வேலை ஒவ்வொரு நாளும், ஒவ்வோர் இரவும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பெயரும் ஊதியமும் சட்டப் பாதுகாப்பும் தராமல் அந்த உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. இதை ஒரு பணிப்பிரிவினரின் ஊதியக் கோரிக்கை என்று மட்டும் கருதி நாம் கடந்துவிடலாகாது. அரசு மருத்துவமனையைத் தவிர வேறு புகலிடம் இல்லாத உழைப்பாளி மக்களின் உயிரோடு தொடர்புடைய கேள்வி இது.

வார்டில் இருப்பவர் யார்?

சிறுநீரியல் வார்டின் படுக்கைகளைச் சற்றுப் பார்ப்போம். புரோஸ்டேட் சுரப்பி வீங்கியதால் சிறுநீர் அடைபட்டு வந்த முதியவர் இருக்கிறார். அவர் விவசாயத் தொழிலாளியாகவோ ஓய்வூதியம் அற்ற ஆலைத் தொழிலாளியாகவோ இருப்பார். சிறுநீரகக் கல்லோடு வந்த இளைஞர் இருக்கிறார். செங்கற்சூளையிலும் கட்டுமானத் தளத்திலும் வெயிலில் நின்று, போதிய தண்ணீர் அருந்தாமல் வேர்வை சிந்துவோருக்குக் கல் உண்டாகும் வாய்ப்பு மிகுதி. சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்து, சிறுநீரை உணரும் திறனே அற்றுப்போன தொழிலாளி இருக்கிறார். சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளி இருக்கிறார். அந்நோய்க்கும் சாயத் தொழிற்சாலை வேலைக்கும் உள்ள தொடர்பை ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். 'என்ன வேலை செய்கிறீர்கள்?' என்று நோயாளியிடம் கேட்டுப் பதிவுசெய்வது மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெண்களின் நிலை இன்னும் கொடிது. கழிப்பறை வசதி இல்லாத கடைகளிலும் பட்டறைகளிலும் நாள் முழுவதும் சிறுநீரை அடக்கி, அதற்காகவே தண்ணீரையும் குறைத்துக்கொள்ளும் பெண் தொழிலாளர்கள் சிறுநீர்த் தொற்றால் அல்லலுறுகின்றனர். கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கும் கோரிக்கை கோழிக்கோட்டுப் பெண் தொழிலாளர்களின் போராட்டத்திலிருந்து எழுந்தது. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்தின. அந்தப் போராட்டத்தின் தொடக்கத்தில் கழிப்பறை உரிமையும் சேர்ந்தே ஒலித்தது என்பதை மறந்துவிடக் கூடாது. இதில் ஒரு முரணும் உண்டு. 'நிறையத் தண்ணீர் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள்' என்று நோயாளிக்கு அறிவுரை கூறும் செவிலியர், தமது நீண்ட பணிநேரத்தில் கழிப்பறைக்குச் செல்ல முடியாமல் தாமே தண்ணீரைத் தவிர்க்கும் நிலையில் இருக்கிறார்.

கண்ணும் கையும் அறிந்த கல்வி

புரோஸ்டேட் அறுவை முடிந்த முதல் இரவை எடுத்துக்கொள்வோம். நோயாளியின் சிறுநீர்ப்பைக்குள் மூவழி வடிகுழாய் ஒன்று செலுத்தப்பட்டிருக்கும். ஒரு வழியாகச் சலைன் நீர் உள்ளே செல்லும்; மற்றொரு வழியாகக் குருதி கலந்து வெளியேறும்; மூன்றாவது வழி உள்ளிருக்கும் சிறு பலூனை நிரப்புவதற்கு. வெளியேறும் நீர் இளஞ்சிவப்பாக இருந்தால் கவலையில்லை. அடர்சிவப்பாக மாறினால் உள்ளே செல்லும் நீரை விரைவுபடுத்த வேண்டும். ஓட்டம் நின்றுவிட்டால் குருதிக்கட்டி அடைத்துவிட்டது என்று பொருள். உடனே பெரிய சிரிஞ்சால் கழுவி அதை வெளிக்கொணராவிட்டால் சிறுநீர்ப்பை விம்மி, நோயாளி வலியால் துடிப்பார், குருதிப்போக்கு மிகும். எவ்வளவு நீர் உள்ளே சென்றது, எவ்வளவு வெளியே வந்தது என்ற கணக்கும் இடைவிடாது எழுதப்பட வேண்டும். இளம் மருத்துவர் அறுவை அரங்கிலோ அவசரப் பிரிவிலோ இருக்கும் நள்ளிரவில், நிறத்தைப் பார்த்து நிலையை உணர்ந்து முதல் முடிவை எடுப்பவர் செவிலியரே.

வடிகுழாய் பொருத்துவதே எளிய வேலை என்று எண்ணுவோர் உண்டு. குழாய் சிறுநீர்ப்பையை அடைந்து சிறுநீர் வெளிவந்த பின்னரே பலூனை நிரப்ப வேண்டும். அவசரப்பட்டுப் பாதி வழியில் நிரப்பினால் சிறுநீர்த்தாரை கிழியும். அந்தக் காயம் ஆறித் தழும்பாகி, வாழ்நாள் முழுதும் தொடரும் அடைப்பாக மாறக்கூடும். ஆண் நோயாளிக்குக் குழாய் பொருத்தியபின் முன்தோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்தால், வீக்கம் ஏற்பட்டு அதுவே தனியொரு அவசர நோயாகும். சிறுநீரைச் சேகரிக்கும் பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்திற்குக் கீழே இருக்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது, குழாயின் இணைப்புகளைத் தேவையின்றிப் பிரிக்கக்கூடாது. எல்லாவற்றிற்கும் மேலாக, தேவை முடிந்த அன்றே குழாயை அகற்றிவிட வேண்டும். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றின் வாய்ப்பு கூடுகிறது. மருத்துவமனையில் நோயாளிக்குப் புதிதாக ஏற்படும் சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பகுதி வடிகுழாயோடு தொடர்புடையது. 'இந்தக் குழாய் இன்றும் தேவைதானா?' என்று காலைதோறும் கேட்கும் அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் வார்டில் இருந்தால், பல நோயாளிகள் தொற்றிலிருந்து தப்புவர்.

இந்தக் கல்வி புத்தகத்தில் தொடங்குகிறது. கண்ணும் கையும் பழகப் பழகவே முழுமை பெறுகிறது. ஆனால் நம் மருத்துவமனைகளில் என்ன நிகழ்கிறது? சில மாதங்களுக்கு ஒருமுறை வரும் சுழற்சிப் பட்டியலில், இவற்றையெல்லாம் தேர்ந்த செவிலியர் கண் வார்டுக்கோ பிரசவ வார்டுக்கோ மாற்றப்படுகிறார். அவரிடத்தில் வருபவர் முதலிலிருந்து கற்கத் தொடங்குகிறார். எந்தத் தொழிற்சாலை முதலாளியும் தேர்ந்த கடைசல் தொழிலாளியைப் பருவத்திற்கு ஒருமுறை வேறு வேலைக்கு மாற்றமாட்டார். உயிரோடு விளையாடும் இடத்தில் மட்டும் இந்த ஊதாரித்தனம் விதியாகியிருக்கிறது.

இரண்டு பைகள்

பெங்களூரில் ஓர் அரசு மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவில் பணியாற்றும் தமிழ்ச் செவிலியர் ஒருவர், வடிகுழாயோடு வீடு திரும்பும் நோயாளிகளுக்கான அறிவுரைத் தாளைத் தமிழில் ஆக்கித் தருமாறு தொழிற்சங்கத் தோழர்கள் வழியாகக் கேட்டிருந்தார். அவர் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். ஆங்கிலத்தில் இரண்டு பக்கமே இருந்த அந்தத் தாளில் ஓரிடம் நம்மை நிறுத்தியது. உடலுக்குள் சிறுநீர் தங்கும் உறுப்பைச் 'சிறுநீர்ப்பை' என்கிறோம். குழாயின் முனையில் வெளியே தொங்கும் நெகிழிப் பையையும் பேச்சுவழக்கில் அப்படியே சொல்லிவிடுகிறோம். 'பையைக் கீழே வையுங்கள், ஆனால் தரையில் வைக்காதீர்கள். நிரம்பும் முன் காலி செய்யுங்கள்' என்ற வாசகத்தில் எந்தப் பை என்று படிப்பவர் எங்ஙனம் அறிவார்?

அந்தச் செவிலியர் தொலைபேசியில் சொன்னார்: “தோழர், நாங்க அவங்ககிட்ட 'உள்பை', 'வெளிப்பை'ன்னுதான் சொல்லுவோம். கையைப் பிடிச்சு ரெண்டு தடவை அவங்களையே திறந்து மூட வைப்போம். அப்புறம்தான் வீட்டுக்கு அனுப்புவோம்.” முதுகலைத் தமிழ் பயின்றவர் கலைச்சொல் அகராதிகளில் தேடியது கிடைக்கும் முன்பே, வார்டில் அது தீர்க்கப்பட்டிருந்தது. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி என ஐந்து மொழிகளில் இதே பாடத்தை அவர் நாள்தோறும் நடத்துகிறார். அவருடைய பணிப் பதிவேட்டில் இந்த வேலைக்கு ஒரு வரிகூட இல்லை. அவர் பணியாற்றுவதோ ஒப்பந்தமுறையில்.

மறக்கப்பட்ட குழாய்களும் ஒரு பதிவேடும்

சிறுநீரகத்திற்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே கல் எடுத்தபின் வைக்கப்படும் மெல்லிய உட்குழாயை டி.ஜே. ஸ்டென்ட் என்பர். அது தற்காலிகமானது, பொதுவாகச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அகற்றப்பட்டாக வேண்டும். வலி நீங்கியதும் நோயாளி ஊருக்குத் திரும்பிவிடுகிறார். இடம்பெயர்ந்து உழைப்பவராயின் அடுத்த வேலைத்தளத்திற்கு, அடுத்த மாநிலத்திற்குச் சென்றுவிடுகிறார். உள்ளே குழாய் இருப்பதே சிலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒருநாள் கூலியை இழந்து வர இயலாது. ஆண்டுகள் கழியும்போது குழாயின்மீது கல் படிந்து இறுகுகிறது, தொற்று சேர்கிறது, சிறுநீரகமே செயலிழக்கும் அளவுக்குப் போகிறது. சில நிமிடங்களில் எளிதாக முடிந்திருக்க வேண்டிய வேலை, பல அறுவைகளைக் கோரும் பெருந்துன்பமாகிறது. 'மறக்கப்பட்ட ஸ்டென்ட்' என்பது இந்திய மருத்துவ இதழ்களில் மீண்டும் மீண்டும் பேசப்படும் பொருள்.

இதைத் தடுக்கத் தேவைப்படுவது ஒரு பதிவேடும் ஒரு தொலைபேசியும், அதற்குப் பொறுப்பான நிலையான ஒரு செவிலியரும்தான். யாருக்கு எந்நாளில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது, எந்நாளில் அகற்ற வேண்டும், வரவில்லையெனில் யாரை அழைப்பது என்று பதிந்து, உரிய நாளில் அழைக்கும் வேலை அது. 2018இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவைக்குத் தொகுப்பு விலை உண்டு. ஆண்டுக்குக் குடும்பத்திற்கு 5 லட்சம் ரூபாய் என்ற விளம்பரமும் உண்டு. நோயாளியை நினைவுபடுத்தி அழைக்கும் தொலைபேசி அழைப்புக்கு அந்த விலைப்பட்டியலில் இடமில்லை. செயல்முறைக்குப் பணம், கவனிப்புக்குப் பணமில்லை என்பதே காப்பீட்டு மருத்துவத்தின் இலக்கணம். சந்தைக்கு விலை தெரிந்தது மட்டுமே அதன் கண்ணுக்குத் தெரியும்.

வரலாறு தரும் சான்று

செவிலியரின் இந்த அறிவு மருத்துவரின் அறிவுக்கு நிழலாக வருவது என்று கருதுவோர் 1972ஆம் ஆண்டை நினைவுகொள்ள வேண்டும். அதுவரை முதுகுத்தண்டுக் காயமுற்றோர் நிரந்தரக் குழாயோடு வாழ்ந்து, சிறுநீர்த் தொற்றாலும் சிறுநீரகச் செயலிழப்பாலும் மடிவது வழக்கமாக இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லேப்பிடீஸ் குழுவினர், நோயாளி தாமே சில மணிக்கொருமுறை தூய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிக்கொள்ளும் முறையை அவ்வாண்டு வெளியிட்டனர். கிருமிநீக்கம் செய்த குழாயே வேண்டும் என்ற அன்றைய விதிக்கு மாறாக, தூய்மையாகக் கழுவிய குழாயே போதும், சிறுநீர்ப்பை உரிய நேரத்தில் காலியாவதே முதன்மை என்று அவர்கள் காட்டினர். அந்தக் கட்டுரையின் நான்கு ஆசிரியர்களில் பெட்டி லோ என்னும் செவிலியரும் ஒருவர். தம் உடலுக்குத் தாமே குழாய் செலுத்துவதா என்று அஞ்சும் மனிதருக்குக் கண்ணாடியும் பொறுமையும் கொண்டு கற்பிக்காமல் அந்த முறை ஒருபோதும் நடைமுறைக்கு வந்திருக்காது. உலகெங்கும் இன்று இதைக் கற்பிப்போர் பெரும்பாலும் செவிலியர்களே.

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் சிறுநீரியல் சிறப்புச் செவிலியர் என்னும் பதவி நன்கு நிலைபெற்றது. சிறுநீர்ப்பைக்குள் நுண்ணோக்கிக் குழாயைச் செலுத்திப் பரிசோதிப்பது, குழாயை அகற்றி நோயாளி தாமே சிறுநீர் கழிக்கிறாரா என்று சோதிக்கும் பிரிவை நடத்துவது, புரோஸ்டேட் புற்றுநோயாளிக்கு முதல் நாளிலிருந்து தொடர்புத் துணையாக இருப்பது ஆகியவை அவர்தம் பொறுப்புகள். 2004இல் வந்த ஊதியக் கட்டமைப்பின்படி புதிய செவிலியர் 5ஆம் நிலையில் தொடங்க, சிறப்புச் செவிலியர் 6, 7ஆம் நிலைகளில் அமர்கிறார். நோயாளியின் பக்கத்திலேயே இருந்துகொண்டு மேலேற அங்கே ஓர் ஏணி உண்டு. நம் ஒன்றிய அரசு மருத்துவமனைகளில் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்ற பெயர் 'நர்சிங் ஆபீசர்' என மாறியது. ஆனால் மேலே இருப்பவை கண்காணிப்பாளர் பதவிகளே. மேலேற விரும்பினால் படுக்கையை விட்டு விலகி மேசைக்குச் செல்ல வேண்டும்.

பிரிட்டனைப் புகழ்வது நமது நோக்கமன்று. அங்கும் ஆள்பற்றாக்குறையாலும் ஊதிய வீழ்ச்சியாலும் வெகுண்ட செவிலியர்கள் 2022 டிசம்பரில் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்தம் வரிசையில் கேரளத்திலும் தமிழகத்திலும் கல்விக் கடன் வாங்கிப் படித்துச் சென்றோரும் இருந்தனர். நம் குடும்பங்களின் கடனில் உருவாகும் திறனை வளர்ந்த நாடுகள் விலையின்றிப் பெறுகின்றன. நாமோ அத்திறனுக்கு ஒரு பதவியைக்கூட உருவாக்க மறுத்து அதை வழியனுப்புகிறோம்.

ஏன் இங்கே இல்லை?

முதற்காரணம் சமூகத்தில் வேரூன்றியது. மலமும் சிறுநீரும் குருதியும் தீட்டு என்று கற்பித்த சாதியச் சமூகத்தில், அவற்றைக் கையாளும் உழைப்பு அறிவாக மதிக்கப்படுவதில்லை. அந்நிய ஆணின் உடலைத் தொடும் பெண்ணை ஐயத்தோடு நோக்கும் ஆணாதிக்கம் அதனோடு இணைகிறது. செவிலியப் பாடத்திட்டம் ஆண், பெண் இருபாலருக்கும் குழாய் பொருத்தக் கற்பிக்கிறது. ஆயினும் பல மருத்துவமனைகளில் ஆண் நோயாளிக்குக் குழாய் பொருத்தும் வேலை, போதிய பயிற்சி பெறாத உதவியாளரிடமோ களைத்துப்போன பயிற்சி மருத்துவரிடமோ விடப்படுகிறது. அதன் விலையை நோயாளியின் உடல் தருகிறது.

இரண்டாவது காரணம் நவீன தாராளமயக் கொள்கை. நிரந்தரப் பணியிடங்களே நிரப்பப்படாத இடத்தில் சிறப்புப் பதவியைப் பற்றி யார் பேசுவர்? தமிழ்நாட்டில் 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகத் தேர்வெழுதி வந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். ஈராண்டில் நிரந்தரம் என்ற வாக்குறுதி நிறைவேறாத நிலையில், 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டனர். டெல்லி எய்ம்ஸ் செவிலியர்கள் 2020 டிசம்பரில், பெருந்தொற்றின் நடுவே, ஊதிய முரண்பாட்டையும் ஒப்பந்த நியமனத்தையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். தனியார் மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, உச்சநீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவின்படி அமைந்த குழு தெளிவான அளவுகோலைத் தந்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம். 50 படுக்கைகளுக்குக் குறைந்த இடங்களில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம் என்பது அதன் பரிந்துரை. கேரளச் செவிலியர்கள் வீதியில் இறங்கிப் போராடிய பின்னரே, 2018இல் அங்கே குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வெளிவந்தது. வேறு பல மாநிலங்களில் அந்தப் பரிந்துரை காகிதத்திலேயே உறங்குகிறது.

2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்னும் பணிப்பிரிவை உருவாக்குவது பற்றிப் பேசியது. தீவிர சிகிச்சைக்கும் மகப்பேற்றுக்கும் படிப்புகள் வகுக்கப்பட்டன. 1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்திற்கு மாற்றாக 2023இல் தேசிய நர்சிங் ஆணையச் சட்டம் நிறைவேறியது. படிப்புகள் உருவாகின்றன, ஆணையம் உருவாகிறது. பதவி மட்டும் உருவாகவில்லை. படிப்புக்குக் கட்டணம் உண்டு, அதனால் தனியார் கல்லூரிக்கு வருவாய் உண்டு. பதவிக்கோ அரசு ஊதியம் தர வேண்டும். வேறுபாட்டின் காரணம் இவ்வளவே.

இரண்டு ஆட்சேபங்கள்

இக்கோரிக்கைக்கு நம் தோழர்களிடையே இரண்டு நேர்மையான ஆட்சேபங்கள் எழக்கூடும். இரண்டையும் எதிர்கொள்ள வேண்டும்.

முதலாவது, சிறப்புச் செவிலியர் என்ற தனி அடுக்கை உருவாக்கினால் செவிலியரின் ஒற்றுமை குலையாதா என்பது. அச்சம் நியாயமானது, தொழிலாளரை நிலைநிலையாகப் பிரித்து மோதவிடுவது மூலதனத்தின் பழைய உத்தி. ஆனால் பிரிவினை ஏற்கெனவே இருக்கிறது. ஒரே வார்டில், ஒரே வேலையை நிரந்தரச் செவிலியரும் தொகுப்பூதியச் செவிலியரும் வெளிமுகமைச் செவிலியரும் மூன்று ஊதியங்களில் செய்கின்றனர். அந்தப் பிரிவினை திறனால் வந்ததன்று, மலிவு உழைப்பின் தேவையால் வந்தது. எனவே நமது கோரிக்கையின் வரிசை முதன்மையானது: முதலில் அனைவருக்கும் நிரந்தரம், சம வேலைக்குச் சம ஊதியம், அதனோடு சேர்த்துச் சிறப்புப் பதவி. பணியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பின் வழியாக அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். பணம் கட்டிப் படிக்க இயன்றவருக்கு மட்டும் திறக்கும் கதவாக அது அமைந்தால் நாமே அதை எதிர்க்க வேண்டும்.

இரண்டாவது, மருத்துவர் பணியிடங்களை நிரப்பாமல் செவிலியரைக் கொண்டு மலிவாகச் சமாளிக்க அரசுக்கு இது வழியாகாதா என்பது. இதுவும் வெற்று அச்சமன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, வரம்புக்குட்பட்ட உரிமத்துடன் சமுதாய சுகாதாரப் பணியாளரை மருத்துவம் பார்க்க அனுமதித்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. கிராமத்து ஏழைக்கு அரைகுறை மருத்துவம், நகரத்துச் செல்வருக்கு முழு மருத்துவம் என்ற ஏற்பாட்டை நாம் ஏற்க முடியாது. சிறப்புச் செவிலியர் என்பது இதனின்றும் வேறானது. அறுவை மருத்துவரின் இடத்தில் அவரை அமர்த்துமாறு நாம் கேட்கவில்லை. இப்போது யாரும் பொறுப்பேற்காமல் கிடக்கும் வேலைகளுக்கு அவரைப் பொறுப்பாக்குமாறு கேட்கிறோம். அவர் எதைத் தாமே முடிவுசெய்யலாம், எதற்கு மருத்துவரை அழைக்க வேண்டும் என்பது எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும். இன்று அந்த வரையறை இல்லாததால், நள்ளிரவில் சரியான முடிவெடுத்து உயிரைக் காத்தால் பெயரில்லை. தவறு நேர்ந்தால் குற்றக் குறிப்பாணை மட்டும் செவிலியரைத் தேடி வருகிறது.

எதற்காகப் போராடுவது?

எனவே நமது கோரிக்கைகள் திட்டவட்டமாக இருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் ஒவ்வொரு சிறுநீரியல் பிரிவிலும் சிறப்புச் செவிலியர் பணியிடங்கள் உருவாக்கப்பட வேண்டும். அவற்றுக்குத் தனி ஊதிய நிலையும், படுக்கையருகிலிருந்தே பதவி உயர்வு பெறும் வழியும் வேண்டும். சிறப்புப் பயிற்சி பெற்றவரை அவர்தம் இசைவின்றிச் சுழற்சியில் மாற்றலாகாது. பயிற்று மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று நர்சிங் கவுன்சிலே வகுத்த அளவு நடைமுறைக்கு வர வேண்டும். ஸ்டென்ட் பதிவேடு அரசு, தனியார் வேறுபாடின்றிக் கட்டாயமாக்கப்பட வேண்டும். வடிகுழாயோடு வீடு திரும்பும் ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் அறிந்த மொழியில் அறிவுரையும், அழைத்துக் கேட்க ஓர் எண்ணும் தரப்பட வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் 2016ஆம் ஆண்டுக் குழுவின் ஊதியப் பரிந்துரையைச் சட்டமாக்க வேண்டும்.

இவற்றைச் செவிலியர் சங்கங்கள் மட்டும் முழங்கினால் அது பணிப்பிரிவுக் கோரிக்கையாகவே சுருங்கிவிடும். கட்டுமானத் தொழிலாளர் சங்கம் இதை எழுப்ப வேண்டும். சாரத்திலிருந்து விழுந்தவர் அதன் உறுப்பினர். விவசாயத் தொழிலாளர் சங்கம் எழுப்ப வேண்டும். அடைபட்ட சிறுநீரோடு இரவெல்லாம் பேருந்தில் பயணித்து மாவட்டத் தலைநகருக்கு வரும் முதியவர் அதன் உறுப்பினர். மாதர் சங்கமும் எழுப்ப வேண்டும். கழிப்பறை இல்லாத கடையில் நிற்பவரும், அவருக்கு மருத்துவம் பார்க்கும் செவிலியரும் அதன் உறுப்பினர்கள்.

மாவட்டந்தோறும் உள்ள தோழர்கள் செய்யக்கூடிய முதல் வேலை எளியது. தங்கள் பகுதி அரசு மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவில் அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, ஒப்பந்தத்தில் இருப்போர் எத்தனை பேர், ஸ்டென்ட் பதிவேடு உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துப் பெறலாம். வரும் விடையைச் செவிலியர்களோடும் நோயாளிகளோடும் அமர்ந்து விவாதிக்கலாம். அந்த விவாதத்திலிருந்து எழும் கோரிக்கைப் பட்டியலோடு மருத்துவமனை வாயிலில் கூடும்போது, வெள்ளுடையில் இருப்போரும் நோயாளியின் உறவினரும் ஒரே அணியில் நிற்பர்.